கொளத்தூர் மீனா, எலியா: நோய் எதிர்ப்பு செல்லை உயிரோடு பார்க்க எது தோது?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நீலக்கோடு போட்ட ஜீப்ரா மீனைப் பார்த்திருப்பீர்கள். விலை குறைவு, லேசில் சாகாது. நோய் எதிர்ப்பு செல்கள் உயிருள்ள திசுவுக்குள் எப்படி நடமாடுகின்றன என்று பார்க்கும் ஆய்வில் இந்த மீன்தான் எலிக்குப் போட்டி. பெரம்பூர், வியாசர்பாடிப் பிள்ளைகள் இம்யூனாலஜி படிக்கப் போகிறோம், எதில் இறங்கலாம் என்று கேட்டால் மீன் என்றுதான் சொல்வேன்.

பழைய ஸ்லைடு முறையும் களத்தில் உண்டு. ஃபார்மலினில் ஊறிய திசுவை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றுவது. எந்த செல் எங்கே இருந்தது என்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி படித்தவர் பார்த்ததும் சொல்லிவிடுவார். அது எங்கிருந்து வந்தது, எங்கே போகவிருந்தது என்று கேட்டால் ஸ்லைடில் பதில் கிடையாது.

மீன்குஞ்சில் கிடைக்கும். அதன் உடம்பே ஊடுருவித் தெரியும். 1882-இல் மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி நட்சத்திரமீன் குஞ்சில் முள்ளைக் குத்திப் பார்த்ததும் இந்த வசதியால்தான். காயத்துக்கு முதலில் ஓடிவரும் வெள்ளணுவான நியூட்ரோபில் மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய மீன்வகை இருக்கிறது. மூன்று நாள் குஞ்சை மயக்கி, வால்துடுப்பின் நுனியைச் சீவி, அகரோஸ் என்ற கூழில் படுக்கவைத்து, திசுவை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பின் கீழே வையுங்கள். பச்சைப் புள்ளிகள் காயத்தை நோக்கி ஓடும். அப்புறம் பாருங்கள், சில அங்கேயே செத்து மடியாமல் வந்த வழியே திரும்பும். ஸ்லைடில் எண்ணிக்கை குறைந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

காசநோய் ஆய்விலும் மீன் ஒரு நம்பிக்கையை ஆட்டிவிட்டது. காசநோய்க் கிருமியின் பங்காளி மைக்கோபாக்டீரியம் மரினம். மீன்தொட்டியில் கைவிட்டு வேலை பார்ப்பவர்களின் கையில் ஆறாத புண் வைப்பதும் இதுதான். கிருமியைச் சூழும் செல் திரளான கிரானுலோமா அதைச் சிறைவைக்கும் மதில் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். லலிதா ராமகிருஷ்ணன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே வந்த மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் செத்த செல்லோடு கிருமியையும் விழுங்கின. அவற்றில் சில வெளியேறி வேறிடத்தில் புதிய கிரானுலோமாவைத் தொடங்கின.

ஆனால் கடை மீனை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். பரம்பரை தெரியாது, மரினமே ஏற்கெனவே இருக்கலாம்.

மீன் எங்கே தோற்கிறது? குறிப்பிட்ட கிருமியை இனம் கண்டு தாக்கும் வெள்ளணுவான டி செல்லில். குஞ்சுக்கு அந்தப் படை முதிர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் உடம்பு மங்கிவிடும். தடுப்பூசி, டி செல்கள் கூடும் நிணநீர்க் கணு என்று போனால் எலியும் டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பும்தான். 1990-இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் கொண்டுவந்த முறை. அகச்சிவப்பு லேசரின் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் சேரும் குவியத்தில் மட்டும் ஒளி பிறக்கும். அதனால் சில நூறு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் வரை தெளிவாகத் தெரியும், சுற்றுத் திசுவுக்கும் சேதம் குறைவு. 2002-இல் இப்படித்தான் கணுவுக்குள் டி செல்கள் நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் அளவில் அலைவதைப் பார்த்தார்கள்.

தொல்லையும் அதிகம். கருவி கோடிக்கணக்கில். அறுவை செய்து கணுவை வெளிப்படுத்த வேண்டும், எலி மூச்சு விட்டாலே படம் ஆடும். ஏசி அறையில் திசு 37 டிகிரியிலிருந்து இறங்கினால் செல்களும் மந்தமாகிவிடும். அதையே இயல்பு என்று எழுதிவிடக்கூடாது. ஜீப்ரா மீனுக்கோ 28 டிகிரி போதும், சென்னையில் அது பெரிய விஷயமில்லை.

டி செல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சரி, எலிக்கே போங்கள். சேரும் முன் அந்த ஆய்வகத்தில் ரெண்டு கேள்வி கேளுங்கள்: அறுவையை யார் சொல்லித் தருவார், வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவி உங்கள் கைக்கு வரும்.