பாதிப் பெடல் இல்லாத நான்கு வருஷம்

பெடல் பழுதாகிப் போன என் டிஜிட்டல் பியானோ பத்து நாள் கழித்து வீடு திரும்பியது. அதே வாரம் அந்த மாடலைப் பற்றி நண்பன் கேட்டான்: "விலை குறைஞ்சிருக்காம், நீ நாலு வருஷமா வாசிக்கிறியே, வாங்கலாமாடா?" 88 கீ, ஸ்பீக்கர் விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். பெடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வாசிப்பது பெரும்பாலும் மெதுவான ஜாஸ் பாலட். நிமிடத்துக்கு 60 பீட் என்றால் நான்கு பீட் கொண்ட ஒரு பார் 4 விநாடி ஓடும். இடது கை கீழே ரூட்டை (கார்டு எனும் ஸ்வரக் கூட்டின் அடிப்படை ஸ்வரம்) தொட்டுவிட்டு மேலே வந்து, அதன் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களான தேர்டும் செவன்த்தும் பிடிக்கும். கீழே விட்டுவந்த ரூட் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மாறும் கார்டுகள் ஒன்றோடொன்று குழம்பவும் கூடாது. நிஜப் பியானோவில் பெடலை மிதித்தால், ஒலியை அடக்கும் டாம்பர்கள் கம்பிகளை விட்டு விலகும்; பெடலைப் பாதி தூக்கினால் அவை கம்பிகளை லேசாக உரசும். மேல் ஸ்தாயியின் மெல்லிய கம்பிகள் சட்டென்று அடங்கிவிடும், கனத்த பாஸ் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும்.

என் டிஜிட்டல் பியானோவில் பெடல் வெறும் சுவிட்ச். மிடி என்ற டிஜிட்டல் இசைக் குறிமுறையின் கணக்கில் 0 அல்லது 127, நடுவில் எதுவும் கிடையாது. மிதித்தால் எல்லாம் சேறு, விட்டால் எல்லாம் அறுந்துபோகும். பழுது பார்த்தவரிடம் பாதிப் பெடல் மாட்டித் தரச் சொன்னேன். இந்த மாடல் அதைப் படிக்கவே படிக்காது என்றார். நான்கு வருஷமாகச் சுண்டு விரலால் ரூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை நீட்டி நீட்டி வாசித்த எரிச்சல் அத்தனையும் அங்கேயே பொங்கிவிட்டது.

ஆனால் கீகளைக் குறை சொன்னால் பாவம். நான்கு ஸ்வரக் கார்டில் மேல் விரலுக்கு மட்டும் கொஞ்சம் எடை கொடுத்தால் மெலடி தனியே எழுந்து நிற்கிறது. அதை பீட்டுக்கு ஒரு மூச்சு பின்னால் வைத்தால் பாடுவது போலவே இருக்கிறது. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் ட்ரியோ (மூவர் குழு) வாசித்த பாலட்களைக் கேட்டுத்தான் இந்தத் தொடுகைக்கு ஏங்க ஆரம்பித்தேன். கூட்டத்தின் பேச்சும் கண்ணாடிக் கோப்பைச் சத்தமும் பதிவிலேயே கேட்கும். அதற்கு நடுவிலும் அவர் சத்தத்தைக் கூட்டுவதில்லை. அவ்வளவு மெல்ல வாசிக்க இந்தக் கீகள் இடம் தருகின்றன. நேற்று இரவுகூட ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே எட்டு பாரைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், எழுந்திருக்க மனமே வரவில்லை.

இருந்தும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். வேறு எதைப் பார்க்கப் போனாலும் பெடலை மிதித்து, அடியில் ஒரு சி ஸ்வரம், நடுவில் ஒரு கார்டு வாசித்துவிட்டு, காலை மெல்லப் பாதி தூக்கிப் பார். கார்டு கரைந்து சி நின்றால் எடுத்துக்கொள்.