திரும்பக் கிடைக்கும் முன்பணமா, கிடைக்காததா?

ராயல் கரீபியன் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் கப்பலில் அறை பதியும்போது ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டும். முன்பணம் திரும்பாத விலை குறைவு. திரும்பும் விலை கூடுதல். கண் தானாகக் குறைந்த விலைக்குத்தான் போகும்.

மலிவானதை எடுத்தவர் கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் கட்டணம். நால்வர் குடும்பத்துக்கு 400 டாலர்! புதிய தேதியின் அன்றைய விலை வேறு தலையில் விழும். ரத்து செய்தாலோ முன்பணம் போயே போச்சு. அதே பயணத்தில் அறையை மட்டும் மாற்றினால் இந்தக் கட்டணம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

கூடுதல் விலை கொடுத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மாற்றலாம், ரத்து செய்யலாம், பணம் முழுசாக அட்டைக்கே வந்துவிடும். ஆனால் மீதிப் பணம் கட்டும் கெடு வரைக்கும்தான் இந்தச் சலுகை. நான்கு இரவு வரையிலான பயணத்துக்குப் புறப்பாட்டுக்கு 75 நாள் முன்பு, அதைவிட நீண்டதற்கு 90 நாள் முன்பு அந்தக் கெடு வரும். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே அபராதக் கணக்குதான்.

விடுப்பு உறுதியானவர் மலிவானதையே எடுக்கலாம். பிள்ளைகளின் தேர்வு அட்டவணை வராத வீட்டுக்கு மற்றதுதான் சரி. விலை வித்தியாசம் அந்த 400 டாலரைத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.