சர்க்கரைக்கு அரசாங்க கிளினிக்: 1 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

மலேசியாவில், பினாங்கில் எங்கள் வட்டார அரசாங்க கிளினிக்கில்தான் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல வருடமாக மருந்து எடுக்கிறேன். மெடிக்கல் கார்டு (தனியார் மருத்துவக் காப்புறுதி) கட்டணம் ஏறியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இந்த இடத்தைப் பற்றி யாரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதில்லை.

பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அதற்குள் அடங்கும். போன தடவை மிஸி (நர்ஸ்) செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "இங்க தெரியுதா அங்கிள்? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இடது கட்டைவிரலுக்கு அடியில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. உடனே புத்தகத்தில் குறித்தார். வீட்டுக்குள்ளும் செருப்பு போடணும், விரல் இடுக்கைத் தினமும் பார்க்கணும் என்று சொல்லி, கண்ணைப் படம் எடுக்க அனுப்பினார். சர்க்கரையால் காலை எடுத்த சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. அந்தச் சில நிமிடங்களின் அருமை நமக்குத் தெரியும்.

குறை என்றால் காத்திருப்புதான். நேரம் வாங்கிக்கொண்டு காலையில் போனாலும் மதியம் ஆகிவிடும். மாத்திரை ஒரு மாதத்துக்குத்தான், மீதிக்குச் சீட்டோடு மறுபடி வரவேண்டும். டாக்டரும் அடிக்கடி மாறுகிறார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் ஹர்த்தால் செய்தது இந்த நிலையற்ற வேலையை எதிர்த்துத்தான்.

கார்டும் வைத்திருக்கிறேன், விடமாட்டேன். தனியார் மருத்துவமனையில் ஓர் அறுவை சிகிச்சை என்றால் சேமிப்பே கரைந்துவிடும். ஆனால் என் கார்டு படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் கொடுக்கும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போனால் அதற்கும் உண்டு. அந்த நிலைக்குப் போகாமல் காக்கும் மாதாந்திர மாத்திரைக்கு ஒரு காசு கிடையாது! 2024 டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, கார்டு கட்டண உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்து ஏற்றச் சொன்னது நல்லதுதான். பிரித்தாலும் உயர்வு உயர்வுதான். ஏஜெண்ட், "அண்ணே, கோ-பேமெண்ட் திட்டத்துக்கு மாறுங்க, மாசக் கட்டணம் குறையும்" என்கிறார். அதில் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். சம்பளம் நின்ற பிறகு அதையும் எத்தனை பேரால் கட்ட முடியும்?

தேசியக் காப்புறுதி வேண்டுமா, வரிப்பணமே போதுமா என்று இங்கே ரொம்ப காலமாகப் பேசுகிறார்கள். எது வந்தாலும் சரி, முதல் பணம் இந்த கிளினிக்குகளுக்கு வரட்டும். டாக்டர்களை நிரந்தரமாக்கட்டும், மருந்துக் கவுண்டரில் ஆள் போடட்டும்.

சர்க்கரை இருப்பவர்கள், கார்டு இருந்தாலும் இங்கே பதிந்துகொள்ளுங்கள். சாப்பிடாமல் ரத்தம் கொடுக்கும் நாளில் பசியாறக் கையோடு ஏதாவது கொண்டு போங்கள். பாதப் பரிசோதனை செய்யாமல் விட்டால், கேட்டு வாங்குங்கள்.