ரூ. 23,254 கொடுத்து மதிலுக்கு வெளியே நின்றோம்: கச்சேரி டிக்கெட்டை மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் கவனிக்க

சனிக்கிழமை கச்சேரி, இன்று செவ்வாய். ரூ. 23,254 போச்சு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், பிளாட்டினம் பகுதி, நான்கு டிக்கெட். ஆளாளுக்கு வீடியோ போட்டு, எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் அழுதார் என்பது வரை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். எங்களுக்கு மதிலைத் தாண்டி வந்தது பேஸ் என்கிற கனத்த அதிர்வு மட்டும்தான். மேடையின் இரு பக்கமும் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை குரலையும் வயலினையும் கூட்டத்தைக் குறிபார்த்து இறக்கும். அந்த பேஸைத் தருகிற சப்வூஃபர் ஸ்பீக்கரின் சத்தம்தான் நாலா பக்கமும் பரவும். அதனால் அண்ணா சாலை நடைபாதையில் நிற்கிறவனுக்கு நெஞ்சு அதிரும், என்ன பாட்டு என்று தெரியாது. இதற்கு ரூ. 23,254.

தளத்தின் பெயர் வேண்டாம். ஒருவர் வாங்கிய டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்றுக் கொடுக்கிற செயலி, அவ்வளவு போதும். முகப்பிலேயே கேடயம் படம் போட்டு '100% நுழைவு உத்தரவாதம்' என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கேடயத்தைப் பார்த்தால் ஓடிவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லாரும் "போலி டிக்கெட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். போலி இல்லை. அசல். அசல் டிக்கெட்டை வைத்துத்தான் விற்றவன் ஏமாற்றினான்.

கணக்கு இது. டிக்கெட்டின் விலை ரூ. 4,000. விற்றவன் போட்டிருந்தது ரூ. 5,200. நான்குக்கு ரூ. 20,800. செயலியின் சேவைக் கட்டணம் 10 சதவீதம், ரூ. 2,080. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ரூ. 374. மொத்தம் ரூ. 23,254. கிரெடிட் கார்டில் கட்டினால் மேலே 2 சதவீதம், அதாவது ரூ. 465, யு.பி.ஐ. என்றால் கூடுதல் கட்டணம் இல்லை. அந்த ரூ. 465-ஐ மிச்சம் பிடித்ததுதான் முதல் முட்டாள்தனம். கார்டில் கட்டியிருந்தால், 'சேவை கிடைக்கவில்லை' என்று வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, கேட்டுப் பார்க்கலாம். யு.பி.ஐ.யில் நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி சொல்கிற பதில், "நீங்கள்தானே சார் அனுப்பினீர்கள்?"

எப்படி நம்பினோம் என்று கேட்டால், சோதித்துப் பார்த்துத்தான் நம்பினோம். அதுதான் எரிச்சல். விற்பவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், '38 விற்பனை முடிந்தது'. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்று சொல்லி வீடியோ கால் கேட்டால், தயங்காமல் வந்தான். இன்னொரு போனில் டிக்கெட் செயலியைத் திறந்து, புக்கிங் ஐ.டி., பகுதி, நுழைவாயில் எண், நான்கு கியூ.ஆர். கோடு, எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். "அண்ணா, தங்கச்சிக்கு அன்னிக்கே நிச்சயம் வச்சுட்டாங்க, போகலைன்னா வீட்ல கொன்னுடுவாங்க. மத்தவங்க ஏழாயிரம் சொல்றாங்க, நான் ஐயாயிரத்து இருநூறுதான் போட்டிருக்கேன்." பேரம் பேசவில்லை, அவசரப்படுத்தவில்லை. "அண்ணா, கேட் ரெண்டுல போங்க, பார்க்கிங் பக்கம்" என்று வழி வேறு சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தோம். ஏமாற்றுகிறவன் அவசரப்படுத்துவான் என்றுதானே எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள்?

பச்சை டிக் என்பதற்கு அர்த்தம் என்ன என்று பிறகு விதிமுறைகளில் தோண்டிப் பார்த்தோம். மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வந்தது, வங்கிக் கணக்கு இருக்கிறது. இரண்டே இரண்டு. டிக்கெட்டை யாரும் சரிபார்ப்பதில்லை.

இதைவிட மோசம் அந்தப் பொத்தான். 'உங்கள் பணம் கச்சேரி முடிந்து 48 மணி நேரம் வரை எங்களிடம் பத்திரமாக இருக்கும்' என்று பணம் கட்டும் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சரி, நடுவில் ஒருத்தன் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று தைரியம். பணம் கட்டிய பத்து நிமிடத்தில் 'உங்கள் டிக்கெட் வந்துவிட்டது' என்று அறிவிப்பு வந்தது. தொட்டால் கியூ.ஆர். மங்கலாகத் தெரிகிறது, கீழே ஆரஞ்சு நிறத்தில் 'பெற்றுக்கொண்டேன், டிக்கெட்டைக் காட்டு' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தாமல் டிக்கெட்டைப் பார்க்கவே முடியாது. அழுத்தினால், டிக்கெட் சரியாக வந்து சேர்ந்தது என்று நாமே எழுதிக் கொடுத்ததாகக் கணக்கு. பச்சை டிக் விற்பனையாளருக்கு அந்த நொடியே பணம் போய்விடும். 48 மணி நேரம் என்பது அழுத்தாதவர்களுக்கு மட்டுமாம். கச்சேரிக்கு 9 நாள் முன்னாலேயே ரூ. 20,800 அவன் கணக்கில்.

இனி நுழைவாயில். ஸ்கேன் செய்கிற பையனின் கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், ரப்பர் உறை போட்டது. கியூ.ஆரைக் காட்டியதும் திரை சிவப்பாகி, போன் இரண்டு முறை அதிர்ந்தது. 'முன்பே ஸ்கேன் ஆனது, 16:41, கேட் 2.' நான்கும் அதே கதை, ஒரு நிமிட இடைவெளியில் நான்கும் உள்ளே போயிருக்கின்றன. பையன் பாவம், நல்லவன். "டிக்கெட் ஒரிஜினல்தான்ணா. ஆள்தான் போயாச்சு" என்றான். உதவி மேசைக்குப் போனால், எங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம், கையில் அதே புக்கிங் ஐ.டி. ஒரே நான்கு டிக்கெட்டைக் குறைந்தது நான்கு பேருக்கு விற்றிருக்கிறான். மேசையில் இருந்தவர் கேட்டது ஒன்றுதான்: புக்கிங் செய்த மொபைலுக்கு ஓ.டி.பி. அனுப்புகிறேன், சொல்லுங்கள். அந்த மொபைல் யாரிடம் இருக்கிறது? அவனிடம். போன் அணைந்திருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கியூ.ஆர். கோடு என்பது ஓர் எண்ணைப் படமாக வரைந்தது. ஸ்கேனர் அந்த எண்ணைப் பட்டியலில் தேடும். இருந்தால் பச்சை, 'போயாச்சு' என்று குறித்துக்கொள்ளும். அடுத்த முறை வந்தால் சிவப்பு. செயலியில் தெரிவதும் ஸ்கிரீன்ஷாட்டும் பத்தாவது நகலும் அதற்கு ஒன்றுதான். முதலில் வந்தவன் உள்ளே. ஆகவே வீடியோ காலில் டிக்கெட்டைப் பார்ப்பது, பி.டி.எஃப். சரிபார்ப்பது, புக்கிங் மின்னஞ்சலை ஃபார்வேர்ட் செய்யச் சொல்வது, எதுவுமே பயன் இல்லை. டிக்கெட் இருக்கிறது என்றுதான் அதெல்லாம் நிரூபிக்கும். அது இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று சொல்லாது.

செல்லுபடியாகிற கைமாற்றம் ஒரே வகைதான். டிக்கெட் விற்ற அசல் செயலிக்குள்ளேயே 'டிரான்ஸ்ஃபர்' வசதி இருந்து, விற்பவர் அதில் உங்கள் எண்ணைப் போட்டு அனுப்பி, அவருடைய பழைய கோடு செத்து, உங்கள் கணக்கில் புதுக் கோடு பிறக்க வேண்டும். பல கச்சேரிகளுக்கு அந்த வசதியை ஏற்பாட்டாளர்களே மூடி வைக்கிறார்கள். மூடியிருந்தால் அந்தக் கச்சேரிக்கு மறுவிற்பனை டிக்கெட் என்று ஒன்று கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த ஆட்கள், இருக்கை இல்லாமல் நின்று பார்க்கிற பகுதியின் டிக்கெட்டாகப் பார்த்துத்தான் விற்கிறார்கள். அரங்கத்தில் இருக்கை எண் போட்ட டிக்கெட் என்றால், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்கலாம், சண்டை போடலாம், அவரிடமும் ஒரு விற்பனையாளர் பெயர் கிடைக்கும். மைதானத்தில் பிளாட்டினம் என்றால் கயிறு கட்டிய ஒரு சதுரம். ஆயிரக்கணக்கான தலைகளில் நம் டிக்கெட்டில் போன நான்கு தலை எது?

இப்போது தட்டிக்கழித்த வரலாறு. சனி இரவு 7:20-க்கு, மைதான வாசலில் நின்றபடியே செயலியின் உதவி அரட்டையைத் திறந்தோம். 'உங்களுக்கு முன் 61 பேர்.' ஒன்பது மணிக்கு ஆள் வந்தார். "உங்கள் மன உளைச்சல் எங்களுக்குப் புரிகிறது." சிவப்புத் திரையின் புகைப்படத்தை அனுப்பினோம். அது போதாதாம். நுழைவு மறுக்கப்பட்டதாக ஏற்பாட்டாளரின் லெட்டர்ஹெட்டில், முத்திரை, கையெழுத்தோடு கடிதம் வேண்டுமாம். 24 மணி நேரத்துக்குள். வாசலில் நின்றவர்கள் ஒருநாள் சம்பளத்துக்கு வந்த பையன்கள். அவர்களிடம் முத்திரைக்கு எங்கே போவது? உதவி மேசைக்காரர் கையை விரித்துவிட்டார்: "நீங்க எங்ககிட்ட வாங்கலையே சார்."

ஞாயிறு மதியம் இரண்டாவது பதில். இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். 'எங்கள் விசாரணையில் மேற்படி டிக்கெட் 16:41-க்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டது தெரியவந்துள்ளது. எனவே சேவை வழங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது.' வேறு எவனோ உள்ளே போனதை, நாங்கள் உள்ளே போனதற்குச் சாட்சியாக வைக்கிறார்கள்! 16:41-க்கு நாங்கள் மெட்ரோவில்கூட ஏறவில்லை, டிக்கெட் எடுத்த நேரம் இருக்கிறது என்று அனுப்பினோம். அதற்குப் பதில் இல்லை.

திங்கள் காலை: 'நல்லெண்ணத்தின் அடிப்படையில் ரூ. 500 கூப்பன், 90 நாள் செல்லும்.' ரூ. 23,254-க்கு ரூ. 500. அதுவும் அவர்களிடமே இன்னொரு டிக்கெட் வாங்க. மறுத்து எழுதியதும் புகார் எண்ணுக்குப் பக்கத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று பச்சையாக வந்து, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது.

நேரடியாக வாங்கியவனுக்கும் சிக்கல் வரும், இல்லை என்று சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 10, பனையூர், ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி. அசல் டிக்கெட் வைத்திருந்தவர்களே கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் திரும்பியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் மறுநாள், டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று ரஹ்மானே அறிவித்தபோது, அனுப்புவதற்கு அவர்களிடம் அவர்கள் பெயரில் ஒரு காகிதம் இருந்தது. மறுவிற்பனையில் வாங்கினால் அந்தக் காகிதம் விற்றவன் பெயரில் இருக்கும். கச்சேரியே ரத்தானாலும் திரும்புகிற பணம் அவன் கணக்குக்குத்தான் போகும். கோல்ட்பிளே இசைக்குழுவின் இந்தியக் கச்சேரி டிக்கெட் விவகாரத்தில் 2024 அக்டோபரில் அமலாக்கத் துறை சோதனை வரை போனது. அங்கேயும் விற்பனை நடந்தது வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராமில்தான். நாங்கள் அதெல்லாம் ஆபத்து என்று ஒதுக்கிவிட்டு 'பாதுகாப்பான' செயலிக்குப் போனவர்கள்.

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கை நடுங்குகிறது, முடிந்ததை எழுதுகிறேன்.

பணம் போனது தெரிந்த உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். அரட்டையில் ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பணம் எதிராளியின் கணக்கில் இருந்தால்தான் அதை முடக்கி வைக்க முடியும், எங்கள் விஷயத்தில் 9 நாள் ஆகிவிட்டது. கையில் யு.டி.ஆர். எண், அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண், வைத்துக்கொள்ளுங்கள், 12 இலக்கம், யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கிடைக்கும். தளத்தின் மேல் புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரூ. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, அரசின் நுகர்வோர் வழக்குத் தளமான இ-ஜாக்ரிதியில் இணையம் வழியாகவே போடலாம். அதைத்தான் இன்று செய்யப் போகிறோம்.

டிரான்ஸ்ஃபர் இல்லாத டிக்கெட் வாங்காதீர்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கைப்பட்டையாக மாற்றித் தருகிற கச்சேரி என்றால் விற்பவரோடு கவுண்டருக்கே போங்கள். பட்டை உங்கள் மணிக்கட்டில் பூட்டிய பிறகு பணம். தளர்வாகக் கழற்றிக் கொண்டுவந்து கொடுக்கிற பட்டை வேண்டாம், அது வெட்டி ஒட்டியதாக இருக்கும். உள்ளே போவதற்கு முன் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானை அழுத்த வைக்கிற எந்தச் செயலியிலும் வாங்காதீர்கள். ரூ. 465 போனால் போகட்டும், கார்டில் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் கியூ.ஆர். தெரிய ஸ்டோரி போடுகிறீர்களே, அதைப் பெரிதாக்கி நகல் எடுக்க ஒரு நிமிடம் போதும். நேற்றுகூட அடுத்த மாதக் கச்சேரிக்கு மூன்று பேர் போட்டிருந்ததைப் பார்த்தேன். எடுத்துவிடுங்கள், இப்போதே.