டெலவேர் கம்பெனி: ஏஜென்ட் ஒன்று, தபால் முகவரி வேறு

கோயம்புத்தூரில் இருந்தபடியே அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) தொடங்கியபோது, கம்பெனிக்கு வரும் சட்ட ஆவணங்களை வாங்கிக்கொள்ளும் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டியாயிற்று, இனி அமெரிக்காவில் நமக்கு ஒரு முகவரி உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்-க்கு, கம்பெனிக்கு வரி எண் கேட்டு அனுப்பும் எஸ்எஸ்-4 படிவத்திலும் அந்த முகவரியையே எழுதினேன். இஐஎன் என்ற அந்த எண்ணைப் போனிலேயே சொல்லிவிட்டார்கள். அதை உறுதிசெய்யும் கடிதம் தபாலில் வரும் என்றார்கள். வரத்தான் செய்தது, ஏஜென்ட் அலுவலகத்துக்கு. சம்மனும் டெலவேர் அரசின் கடிதங்களும் தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் இல்லாமல் வங்கி கணக்கு திறக்கவில்லை. மாற்றாக 147சி கடிதம் வாங்க, ராத்திரியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தேன். வாங்கிய பணத்துக்கு ஏஜென்ட் தன் வேலையைச் செய்திருக்கிறார். இரண்டு வேலைகளை ஒன்றென்று எண்ணியது என் தவறு.

ஏஜென்ட் சட்டத்துக்காக இருப்பவர். டெலவேரில் பதிவான எந்தக் கம்பெனிக்கும் அந்த மாநிலத்துக்குள்ளேயே தெரு முகவரியோடு ஒரு ஏஜென்ட் இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் வீடு இதற்கு உதவாது. யாராவது வழக்குப் போட்டால் சம்மனை ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவார்கள். ஃபெடரல் நீதிமன்றம் என்றால் பொதுவாக 21 நாளில் பதில் போக வேண்டும். அந்த 21 நாள், ஏஜென்ட் கையில் சம்மன் கிடைத்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்பது கணக்கில்லை. மாநிலத்தின் வரி அறிவிப்பும் அவர் வழியாகத்தான் வரும். எல்எல்சி-க்கு ஜூன் 1-க்குள் 300 டாலர். தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீத வட்டி.

எல்எல்சி அல்லாமல், பங்குகள் கொண்ட கார்ப்பரேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்ச் 1-க்கு முன் வரும் அறிவிப்பில் 85,165 டாலர் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கிய கம்பெனிக்குப் பங்கு எண்ணிக்கையை வைத்துப் போடும் கணக்கில் அப்படித்தான் வரும். பெரிய சொத்தில்லாத புதுக் கம்பெனிக்கு, 'அசூம்டு பார் வேல்யூ' என்ற இன்னொரு முறையில் கணக்குப் போட்டால் அது பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையான 400 டாலருக்கு இறங்கிவிடும். ஆண்டறிக்கைக்குத் தனியாக 50. இந்த அறிவிப்பை வெறுமனே அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டும் உண்டு, கணக்கை விளக்கிச் சொல்லும் ஏஜென்ட்டும் உண்டு. எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

சரி, யாரை எடுப்பது? சிடி கார்ப்பரேஷன், சிஎஸ்சி இரண்டும் பெரிய கம்பெனிகளின் சட்டத் துறைகளுக்கானவை. வில்மிங்டனில் சிடி இருக்கும் 1209 நார்த் ஆரஞ்சு தெருக் கட்டடம் ஒரே ஒரு மாடி; 2012 கணக்குப்படி 2,85,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அதுதான் சட்ட முகவரி. இரண்டு பேர் நடத்தும் கம்பெனிக்கு அவ்வளவு பெரிய ஏஜென்ட் தேவையே இல்லை.

கம்பெனியைப் பதிவு செய்து தரும் ஸ்ட்ரைப் அட்லஸ் சேவை வழியாகத் தொடங்கினால் 500 டாலரில் முதல் வருட ஏஜென்ட்டும் அடக்கம். அப்புறம் வருடத்துக்கு 100. கம்பெனி பதிவு, இஐஎன் எல்லாம் ஒரே இடத்தில் முடிவது பெரிய நிம்மதி. அதற்காக ஏஜென்ட்டையும் அங்கேயே காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்றில்லை. லூயிஸ் ஊரில் இருக்கும் ஹார்வர்டு பிசினஸ் சர்வீசஸ் (பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 1981 முதல் இயங்குகிறது. வருடத்துக்கு 50 டாலர், கம்பெனி இருக்கும்வரை ஏற்ற மாட்டோம் என்று உறுதி சொல்கிறார்கள். நார்த்வெஸ்ட் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் 125 டாலர். வந்த ஆவணத்தை அன்றைக்கே ஸ்கேன் செய்து உங்கள் இணையக் கணக்கில் ஏற்றுவதாகச் சொல்கிறார்கள். நாளைக்கு வேறு மாநிலத்திலும் பதிவு செய்ய வேண்டி வந்தால் அங்கேயும் அவர்களே ஏஜென்ட். டெலவேர் மட்டும் போதும் என்றால் நான் 50 டாலர் பக்கம். இரண்டு மூன்று மாநிலங்களில் கால் வைக்கப் போகிறீர்கள் என்றால் 125 கொடுக்கலாம்.

பணத்தைக் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் தபால் முகவரி. காரணம் எளிது. ஏஜென்ட் பிடிக்கவில்லை என்றால் மாநிலத்தில் ஒரு படிவம் போட்டுக் கட்டணம் கட்டினால் மாற்றிவிடலாம். தபால் முகவரியோ வங்கி, ஐஆர்எஸ், பேமென்ட் நிறுவனம், வாடிக்கையாளர்களின் பில் என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐஆர்எஸ்-க்கு மட்டும் முகவரி மாற்றத்துக்கான 8822-பி படிவம் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மச்சான் வீட்டை இதற்குப் பயன்படுத்தலாம், செலவும் இல்லை. ஆனால் அவர் வீடு மாறினாலோ, இரண்டு மாதம் ஊருக்கு வந்துவிட்டாலோ உங்கள் கடிதம் கதவடியில் கிடக்கும். ஏஜென்ட்டே தரும் கூடுதல் தபால் சேவை மாதத்துக்கு ஐந்தாறு கடிதம் வரும் கம்பெனிக்குப் போதும். ஏஜென்ட்டை மாற்றினால் தபால் முகவரியும் போய்விடும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

மிச்சம் இருப்பது தனி மெயில்பாக்ஸ். எனிடைம் மெயில்பாக்ஸ், ஐபோஸ்டல்1 போன்றவை ஊர் ஊராக இருக்கும், தபாலை வாங்கிவைக்கும் கடைகளை ஒரே செயலியில் இணைக்கின்றன. செயலி ஒன்றுதான் என்றாலும் கடிதத்தைக் கையில் எடுப்பவர் அந்தக் கடைக்காரர். அதனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், குறிப்பிட்ட கடையைப் பற்றி விசாரியுங்கள்: உறை வந்த எத்தனை மணி நேரத்தில் படம் ஏறும், ஒரு பக்கம் ஸ்கேனுக்கு எவ்வளவு, காசோலை வந்தால் வங்கியில் போட்டுத் தருவார்களா, எத்தனை நாளுக்கு மேல் வைத்திருந்தால் வாடகை. கணக்கு தொடங்க அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ்-இன் 1583 படிவம் வேண்டும். இரண்டு அடையாளச் சான்றுகளோடு நோட்டரி முன்னாலோ கடைக்காரர் முன்னாலோ கையெழுத்திட வேண்டும். வீடியோ நோட்டரி போதும் என்பதால் இங்கிருந்தே முடியும். இந்த முகவரியையும் பல வங்கிகள் கம்பெனி நடக்கும் இடமாக ஏற்பதில்லை. வங்கிப் படிவத்தில் அதைக் கேட்கும் இடத்தில் நீங்கள் உண்மையில் வேலை பார்க்கும் முகவரியை, அது கோயம்புத்தூரே ஆனாலும், எழுதிவிடுங்கள்.

மூடும்போது என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த மாதிரிக் கடை முகவரிக்கு அமெரிக்கத் தபால் துறையில் முகவரி மாற்ற மனு கொடுக்க முடியாது. கணக்கை மூடியபின் ஆறு மாதம் வரை வரும் கடிதங்களைக் கடைதான் அனுப்பிவைக்க வேண்டும், அந்தத் தபால் செலவு உங்களுடையது. நான் இப்போது 50 டாலர் ஏஜென்ட்டையும், பக்கத்து மாநிலத்துக் கடை ஒன்றில் மெயில்பாக்ஸையும் வைத்திருக்கிறேன். போன வாரம் ஐஆர்எஸ் உறை ஒன்று வந்தது. அன்று சாயங்காலமே அதன் படம் என் போனில் இருந்தது.