கேப்சைட்டபின் மாத்திரை: எழுபதைத் தாண்டியவர்களின் குடல் புற்றுநோய்க்குச் சரிப்படுமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, பயாப்சி ரிப்போர்ட்டில் நிணநீர்க் கணுக்களிலும் நோய் இருப்பதாக வந்தால் அது மூன்றாம் நிலை. நோயாளிக்கு எழுபத்தைந்து வயது என்றால், "இந்த வயசுல கீமோ தாங்குமா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். அப்போது டாக்டர்கள் அடிக்கடி சொல்லும் மருந்து கேப்சைட்டபின். டிரிப்ஸ் வேண்டாம், வீட்டிலேயே விழுங்கலாம். நல்ல மருந்துதான். ஆனால் எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொண்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

முதலில் பலன். இது உடம்புக்குள் போய் ஃப்ளூரோயூராசிலாக மாறுகிறது. அந்தப் பழைய மருந்தை வைத்து நடந்த ஏழு ஆய்வுகளை 2001-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டாம் (கணுக்களுக்குப் பரவாத), மூன்றாம் நிலைக்காரர்களில் மருந்து எடுத்தவர்கள் 71 சதவீதம் பேரும், எடுக்காதவர்கள் 64 சதவீதம் பேரும் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். வயதானவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்தது. கூடவே ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ ஊசியும் போட்டால் இளையவர்களுக்குக் கைகொடுக்கிறது. எழுபதுக்கு மேல் அதன் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் கைகால் விரல்கள் மரத்துப்போய் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். பொத்தான் போட முடியாது, படியில் கால் பதியாது. எங்கள் கணிப்பில் இந்த வயதில் பெரும்பாலோருக்கு மாத்திரை மட்டும் போதும்.

இரண்டாம் நிலை என்றால் அவசரப்பட வேண்டாம். குறைந்தது 12 கணுக்களாவது பார்க்கப்பட்டனவா, கட்டியில் எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். எம்.எம்.ஆர். குறைபாடு உள்ள இரண்டாம் நிலைக் கட்டிக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுப்பதில் பலன் இல்லை.

தொடங்குவதற்கு முன் சிறுநீரகக் கணக்கு மிக முக்கியம். மெலிந்த முதியவருக்கு, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் நார்மல் என்றே வரும், ஏமாந்துவிடக் கூடாது. வயதும் எடையும் சேர்த்துப் போடும் கிளியரன்ஸைத்தான் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) பார்க்க வேண்டும். அது நிமிடத்துக்கு 30-க்கும் 50 மில்லிலிட்டருக்கும் இடையில் இருந்தால் டோஸ் முக்கால் பங்கு. 30-க்குக் கீழே என்றால் இந்த மருந்தே கூடாது. இந்த மருந்தை உடம்பில் சிதைக்கும் டி.பி.டி. என்சைம் குறைபாட்டுக்கான மரபணு ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். அந்த என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு முதல் சுற்றே உயிருக்கு ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முழு டோஸ் ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 1250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு. இப்படி 8 சுற்று, ஆறு மாதம். பரப்பு 1.6 என்றால் வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. முதியவர்களுக்குப் பலர் 1000-இல் தொடங்குவார்கள்: அப்போது 500 மூன்று, 150 ஒன்று. இரண்டு அளவும் கலந்து வரும்போதுதான் எண்ணிக்கை தப்புகிறது, அதனால் வேளை வாரியாக டப்பாவில் பிரித்து வையுங்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடைக்கவோ நசுக்கவோ கூடாது.

சிக்கல் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் ஆரம்பிக்கும். முதியவருக்கு நீர்ச்சத்து வேகமாக வற்றும், சிறுநீரகம் சுணங்கும், மருந்து உடம்பில் தேங்கும், போக்கு இன்னும் கூடும். வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாகப் போனாலோ, இரவில் எழுந்து போக நேர்ந்தாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். சாப்பிட முடியாத அளவு வாய்ப்புண், 38 டிகிரி காய்ச்சல், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து வீங்கி வலித்தல் எல்லாவற்றுக்கும் இதே விதி. நெஞ்சுவலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவு. "டாக்டர் சொன்னதை முடிச்சிடணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குபவர்கள்தான் மோசமாகிறார்கள். வெறுங்காலோடு நடக்காமல், கைகால்களுக்கு யூரியா கலந்த கிரீம் தடவி வந்தால் தோல் ஓரளவு தாங்கும்.

நிறுத்திய நாட்களின் மாத்திரைகளைப் பின்னால் சேர்த்துப் போட்டு ஈடுகட்டக் கூடாது. விட்டது விட்டதுதான், 14-ஆம் நாள் வந்ததும் அந்தச் சுற்று முடிந்தது, மிச்சத்தை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.