இரண்டு நொடிச் சத்தம்: கேம் ஃபேசர் மாற்றி 14 மாதங்கள்

போன வாரம் நண்பர் ஒருவர், தன் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினார். "உங்க வண்டியில வந்ததும் இதேதானா? மாத்தினதுல பிரயோஜனம் இருந்துச்சா?" என்று கேட்டிருந்தார். முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல இரண்டு நொடி கரகரக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் அமைதியாகிவிடும். அதேதான். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைத் தேவைக்கேற்ப கொஞ்சம் முந்தவோ பிந்தவோ வைக்கும் பாகம்தான் ஃபேசர். காற்று உள்ளே வரும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் என்று இரண்டு பக்க ஃபேசரையும் மாற்றி எனக்கு 14 மாதமும் 19,000 கிலோமீட்டரும் ஆகின்றன.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த நாளில்தான் எனக்குக் கோபமே வந்தது. ஃபேசருக்குள் இறக்கைகள் வைத்த ஒரு ரோட்டார் இருக்கிறது. இறக்கையின் ஒரு பக்கம் ஆயில் அழுத்தினால் கேம்ஷாஃப்ட் முந்தும், மறுபக்கம் அழுத்தினால் பிந்தும். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் அந்த ஆயில் வடிந்துவிடும். காலையில் மறுபடி அழுத்தம் ஏறும்வரை ரோட்டார் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த ஒரு லாக் பின் உண்டு. அந்தப் பின்னோ, அது உட்காரும் குழியோ தேய்ந்துவிட்டால் பிடிப்பு போய்விடும். ரோட்டார் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக அடித்துக்கொள்ளும். நாம் கேட்பது அதைத்தான்.

கழற்றிய பழைய ஃபேசரை மெக்கானிக் என் கண் முன்னே பிரித்துக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய குழி முட்டை வடிவத்தில் இருந்தது. மற்றபடி உள்ளே பெரிய கீறல்கூட இல்லை. "இந்தப் பின்னை மட்டும் மாத்த முடியாதா?" என்று கேட்டேன். "தனியா வராது சார், முழு யூனிட்டும்தான்" என்றார். சுண்டுவிரல் நுனி அளவு உலோகத் துண்டு அது. அதற்காக வால்வ் கவர், டைமிங் கவர், கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் செயின் என்று எஞ்சினின் முகப்பு முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் என்னால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதற்கும் முன்னால் எட்டு மாதம் வீணாகப் போயிருந்தது. ஸ்கேனரில் பி0011 என்று வந்தது. இன்டேக் கேம்ஷாஃப்ட், எஞ்சின் கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் நிற்காமல் முந்தி நிற்கிறது என்பதுதான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. ஆனால் முதலில் பார்த்த பட்டறையில் குறியீட்டைப் படித்தவுடனே ஃபேசருக்கு ஆயில் அனுப்பும் சோலனாய்டு வால்வை மாற்றினார்கள். மூன்று வாரம் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பிறகு மறுபடி எரிந்தது. காலைச் சத்தமோ ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதுதான் சோலனாய்டின் வேலை. ஆயில் அழுத்தமே ஏறாத முதல் இரண்டு நொடிச் சத்தத்துக்கு அதைக் குற்றம் சொன்னது எந்தக் கணக்கில் சேரும்?

நியாயமாகப் பேசினால் என் பங்கும் இருக்கிறது. மேனுவலில் போட்டிருந்த ஆயில் இடைவெளியைக் கடைசிக் கிலோமீட்டர் வரை இழுத்திருக்கிறேன். ஃபேசருக்குப் போகும் துளைகள் குறுகலானவை, சோலனாய்டு வால்வில் இருக்கும் சல்லடை இன்னும் நுண்ணியது. அழுக்கான ஆயில் முதலில் அங்கேதான் தொல்லை கொடுக்கும். இப்போது பாதித் தூரத்திலேயே மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவதாகப் போன இடத்தில் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். ஃபேசரின் நடு போல்ட்டைக் கழற்றும்போது கேம்ஷாஃப்ட்டில் உள்ள அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். லாக்கிங் டூலை நம்பி முறுக்கவில்லை. அந்த டூல் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், இடம் மாறாமல் காட்டுவதற்குத்தான், அவ்வளவு விசையைத் தாங்குவதற்கு இல்லை. என் எஞ்சினில் அந்த போல்ட் முறுக்கும்போது நீளும் வகை, ஒரு முறைக்கு மேல் போடக்கூடாது. புதிய போல்ட், சொன்ன டார்க் (முறுக்கு விசை), அதற்கு மேல் சொன்ன கோணம். எல்லாம் முடிந்ததும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி (அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடிக்கும்) டைமிங்கை மறுபடி சரிபார்த்தார்கள். செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் கைடு மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். அவ்வளவு தூரம் பிரித்துவிட்டுப் பழைய செயினைத் திரும்ப மாட்டுவது தப்பு.

சத்தம் அன்றோடு போயிற்று. ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு இடத்தில் இருந்தது. வேகத்தடை தாண்டி மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் மிதித்தால் முன்பு வண்டி தயங்கும், இரண்டாவதுக்கு இறக்கியாக வேண்டும். இப்போது அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது. குறைந்த வேகத்தில் இன்டேக் வால்வ் சீக்கிரம் மூடினால்தான் உள்ளே வந்த காற்று திரும்ப வெளியே தள்ளப்படாமல் சிலிண்டரில் நிற்கும். அதைப் பழைய ஃபேசரால் சரியாகச் செய்ய முடியவில்லை. ஏசி போட்டு நிற்கும்போது ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கமும் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மைலேஜ் மட்டும் சொல்லும்படி கூடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இதே எஞ்சினை இன்னொரு முறை வாங்குவேனா என்றால், மாட்டேன். வண்டி வாங்கிய நாளைவிட இப்போது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் புது யூனிட்டுக்குள்ளும் அதே லாக் பின்தானே இருக்கிறது! தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் கண்ணாடியை இறக்கி வைத்துக் காது கொடுக்கிறேன். ஒரு வண்டி என்னை இப்படி வைத்திருக்கக் கூடாது.

நண்பருக்கு எழுதியது இது: உடனே பிரிக்க வேண்டாம். முதலில் எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அதே தடிமன் ஆயிலை மாற்றுங்கள். ஆயில் ஃபில்டரையும் நல்லதாகப் போடுங்கள், அதில் ஆயில் வடியாமல் தடுக்கும் வால்வ் கெட்டிருந்தாலும் காலையில் ஏறக்குறைய இதே சத்தம் வரும். இரண்டு வாரம் கவனியுங்கள். சத்தம் நீண்டுகொண்டே போனாலோ, பி0016 வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், செயினே நீண்டிருக்கலாம். அடுத்த முறை பதிவு செய்யும்போது ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, பானெட்டைத் திறந்து, போனை டைமிங் கவர் பக்கமாகப் பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்புங்கள்.